ஓய்வுக்குப் பிறகு வந்த மூச்சிரைப்பு: ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் உழைத்தவர் எதைப் பரிசோதிக்க வேண்டும், எதைக் கேட்க முடியும்?

கேள்வி இது: அப்பா 1988 முதல் 2010 வரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் கம்பெனியில் வேலை பார்த்தார். இப்போது வயது 66. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, விடாத வறட்டு இருமல். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் பழைய டி.பி. தழும்பு என்கிறார்கள். பீடியும் குடித்தவர். வேலையால் வந்ததுதானா என்று எப்படி உறுதி செய்வது? இத்தனை வருஷம் கழித்து இழப்பீடு கேட்க வழி உண்டா?

டி.பி. என்று சொன்ன டாக்டரைக் குறை சொல்ல முடியாது. "என்ன வேலை பாத்தீங்க?" "கம்பெனி வேலை." பெரும்பாலான இடங்களில் பேச்சு அதோடு முடிந்துவிடும். கல்நார் நோயில் (ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்ற பொருத்தமான பெயர் உண்டு) பாதி நோயறிதல் அந்தக் கேள்விக்கான விரிவான பதிலில்தான் இருக்கிறது. அதனால் ஸ்கேனுக்கு ஓடும் முன் ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்து அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள்.

எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை எந்தப் பிரிவு, அங்கே கையால் என்ன செய்தார், வேலை ஈரமாக நடந்ததா உலர்வாகவா, தூசி உறிஞ்சும் குழாய் இருந்ததா, ஓடியதா, முகத்துக்கு என்ன கொடுத்தார்கள், கூட வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஷிப்ட் முடியும்போது புருவத்திலும் முழங்கை மயிரிலும் வெள்ளையாகப் படிந்திருந்ததா என்றும் கேளுங்கள். நடுவில் கல்குவாரி, பிரேக் லைனிங் பட்டறை, பாய்லர் உறை சுற்றும் வேலை என்று எங்காவது போயிருந்தால் அதையும் மறைக்காமல் சேருங்கள். குவாரித் தூசி வேறு நோயைத் தரும், பின்னால் எதிர்த்தரப்பு அதைக் கிளறும். நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

பிரிவைத் துல்லியமாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷீட் ஆலை முழுவதும் ஒரே அளவு தூசி இருப்பதில்லை. ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட், கல்நார் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஷீட் உருவாகும் ஹாட்செக் இயந்திரத்தில் எல்லாமே தண்ணீரில் கரைந்த கூழ், அங்கே நார் அவ்வளவாகப் பறக்காது. ஆபத்து இரண்டு முனைகளிலும் இருக்கிறது. முன்முனையில் பை பிரிக்கும் இடம்: இறுக்கி அழுத்திய நார் மூட்டையைக் கத்தியால் கீறி, அரவைத் தொட்டியில் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருப்பதை உதறி, காலிப் பைகளை அடுக்கி மேலே ஏறி மிதித்துக் கட்டுவார்கள். அந்த உதறலும் மிதியும்தான் நுரையீரலுக்குள் அதிகம் போனவை. பின்முனையில், காய்ந்த ஷீட்டை ஓரம் வெட்டுவது, குழாய் முனையை லேத்தில் கடைவது, உடைந்த துண்டுகளைத் திரும்ப அரைப்பது, ஷிப்ட் முடிவில் காற்றுக்குழாயால் ஊதியோ துடைப்பத்தால் கூட்டியோ தரையைச் சுத்தம் செய்வது. இந்த வேலைகளில் பல ஒப்பந்தத் தொழிலாளிகளின் தலையில்தான் விழும். எனவே "ஹெல்பர்" என்று மட்டும் எழுதிய சர்வீஸ் சான்றிதழைவிட "1988–1994 மிக்சிங்கில் பை பிரித்தார்" என்ற ஒரு வரி மருத்துவருக்கும் சட்டத்துக்கும் எத்தனையோ மடங்கு பயன்படும்.

உள்ளே போன நார் என்ன செய்கிறது? தீங்கானது கண்ணுக்குத் தெரியும் தூசி அல்ல. நீளம் 5 மைக்ரானுக்கு மேல், தடிமன் 3 மைக்ரானுக்குக் கீழ் உள்ள ஊசி போன்ற நார்களைத்தான் தொழிற்சாலைகளில் எண்ணுவார்கள். கல்நார் உடையும்போது நீளவாக்கில் பிளந்து பிளந்து மெலிந்துகொண்டே போகும். நுரையீரலைத் துப்புரவு செய்யும் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும். தன்னைவிட நீளமானதை விழுங்க முடியாமல் அந்தச் செல் பாதியில் சிதைந்து, தன் நச்சைச் சுற்றிலும் கொட்டும். அந்த இடத்தில் தழும்பு விழும். வேலையை விட்டாலும் உள்ளே இருக்கும் நார் இந்த வேலையை விடாது. ஓய்வு பெற்றுப் பல ஆண்டு கழித்து நோய் தலைகாட்டுவது இதனால்தான்.

வரும் நோய்களைக் கலக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் தகடுபோலப் படிவது 'ப்ளூரல் பிளேக்'. அதனால் பொதுவாக மூச்சிரைக்காது, புற்றுநோயாகவும் மாறாது. ஆனால் கல்நாரோடு பழகியதற்கு அதுவே கையெழுத்து, அறிக்கையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நுரையீரலே தழும்பாகிச் சுருங்குவது 'ஆஸ்பெஸ்டோசிஸ்'. இதற்குப் பல ஆண்டுகள் கனமாகத் தூசி தின்றிருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் மூன்றாவது. நான்காவது 'மீசோதெலியோமா', உறையிலேயே வரும் புற்றுநோய். முதல் தூசி பட்டு 20 முதல் 50 ஆண்டுகள் வரை பதுங்கியிருந்து வரும், கொஞ்ச காலத் தொடர்புக்கும் வரும். வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லாத வகை என்று ஒரு பிரசாரம் இன்னும் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெள்ளை, பழுப்பு, நீலம் எல்லாவற்றையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வகுப்பில்தான் வைத்திருக்கிறது.

பீடி விஷயம். புகை ஆஸ்பெஸ்டோசிஸையோ மீசோதெலியோமாவையோ உண்டாக்குவதில்லை. நுரையீரல் புற்றுநோயில்தான் இரண்டும் கைகோக்கின்றன. அமெரிக்காவில் பாய்லர், குழாய்களுக்கு வெப்பம் காக்கும் உறை சுற்றும் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 1979-ல் வெளியான கணக்கு பிரபலமானது: இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கு மேல். ஆகவே "பீடி குடிச்சார்ல" என்று யாராவது வாயை அடைத்தால், அந்த ஆலைத் தூசி அவர் ஆபத்தைப் பெருக்கியது என்பதே பதில். இப்போதும் குடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இனி நம் கையில் குறைக்க முடிந்தது அது ஒன்றுதான்.

இனி பரிசோதனைகள். நுரையீரல் மருத்துவரிடம் அந்த வேலை வரலாற்றுத் தாளோடு போங்கள், தாளின் ஒரு பிரதியை நோயாளி கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, மூச்சை உள்ளிழுக்கும் கடைசியில் செருப்புப் பட்டையின் வெல்க்ரோவைப் பிய்ப்பது போன்ற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். விரல் நுனிகள் பருத்து நகம் வளைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். பிறகு நுரையீரலை மெல்லிய அடுக்குகளாகத் துல்லியமாகப் படமெடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மல்லாந்து படுத்து எடுத்தால் நுரையீரலின் பின்பக்கம் உடல் எடையால் அமுங்கி, நோய் இல்லாமலே நிழல் விழும். குப்புறப் படுக்கவைத்தும் எடுத்தால் அந்த நிழல் போய்விடும், உண்மையான தழும்பு போகாது. சீட்டிலேயே "குப்புறப் படுத்த நிலையிலும்" என்று எழுதி வாங்குங்கள். பல ஸ்கேன் சென்டர்களில் கேட்டால்தான் செய்வார்கள்.

மூன்றாவது மூச்சுத் திறன் சோதனை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி மட்டும் போதாது. டி.எல்.சி.ஓ. என்ற, நுரையீரல் ரத்தத்துக்கு வாயுவைக் கடத்தும் திறனை அளக்கும் சோதனையும் வேண்டும். தொடக்கத்தில் ஸ்பைரோமெட்ரி ஏறக்குறைய சரியாக இருக்கும்போதே இது குறைந்து காட்டும். இழப்பீட்டில் "எத்தனை சதவீதம் திறன் போச்சு" என்ற பேரம் இந்த எண்களை வைத்துத்தான் நடக்கும். ஆறு நிமிட நடைச் சோதனையையும் சேர்த்து, நடக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வாங்குங்கள்.

டி.பி. குழப்பத்துக்கு வருவோம். டி.பி. தழும்பு பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் விழும், ஆஸ்பெஸ்டோசிஸ் இரண்டு பக்கமும் அடியிலிருந்து தொடங்கும். சந்தேகம் இருந்தால் சளியை சிபிநாட் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கு அனுப்பினால் இப்போது சளியில் கிருமி இருக்கிறதா என்று தெரிந்துவிடும், அரசு மருத்துவமனையில் இலவசம். சளியில் கிருமி இல்லாதவருக்கு எக்ஸ்ரேயை மட்டும் வைத்து ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதில் இரண்டு கேடு: கல்லீரலுக்கு வீண் சுமை, கூடவே மருத்துவ ஏட்டில் "பழைய டி.பி. நோயாளி" என்ற முத்திரை. நாளை விசாரணையில் கம்பெனி வக்கீல் முதலில் காட்டும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

மார்பில் ஒரு பக்கம் நீர் கட்டி, வலி, எடை குறைவு என்று வந்தால் நிலைமை வேறு. நீரை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதால் மட்டும் மீசோதெலியோமாவை உறுதி செய்ய முடியாமல் போவது சகஜம். உள்நோக்கிக் குழாய் விட்டு உறையிலிருந்து சதைத் துண்டு எடுத்து, சிறப்புச் சாயச் சோதனைகள் செய்ய வேண்டும். அந்தத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி மருத்துவமனையில் இருக்கும். அதைப் பத்திரமாக வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து கிடையாது. வேகமாக முற்றினால் அதை மெதுவாக்கும் மாத்திரைகள், ஆக்சிஜன் குறைந்தால் வீட்டில் ஆக்சிஜன், ஃப்ளூ மற்றும் நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, வருஷத்துக்கு ஒரு முறை மறுபரிசோதனை. அவ்வளவுதான்.

டாக்டரிடம் வாங்க வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. "நுரையீரல் நார்த்திசு நோய்" என்று மட்டும் எழுதினால் போதாது. "இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை கல்நார்த் தூசியுடன் வேலை செய்த வரலாறும் ஸ்கேனும் பொருந்துகின்றன, ஆஸ்பெஸ்டோசிஸ்" என்று காரணத்தோடு எழுத வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் அறிவிக்கத்தக்க நோய். தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு அந்த நோய் என்று கண்ட மருத்துவர், தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது பிரிவு 89. தவறினால் அந்தச் சட்டத்தில் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்? ஆனாலும் அந்தக் கடமையைக் கண்ணியமாக நினைவூட்டினால் பல டாக்டர்கள் எழுதிவிடுவார்கள். தெரியாமல் விடுபவர்களே அதிகம்.

சட்டத்தில் பலம் எங்கே, ஓட்டை எங்கே என்று பார்ப்போம். 2025 நவம்பர் வரை இருந்த 1923-ன் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய்களை மூன்றாம் அட்டவணையில் மூன்று பகுதியாகப் பட்டியலிட்டது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் ஆ பகுதியில் இருக்கின்றன, ஆஸ்பெஸ்டோசிஸ் இ பகுதியில். பட்டியலில் இருக்கும் நோய், பட்டியலில் இருக்கும் வேலை என்று இரண்டும் பொருந்தி, வேலையில் இருக்கும்போதே நோய் வந்திருந்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி; வேலையை விட்ட பிறகு வந்தால் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். இதுதான் பலம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு எடுத்திருந்தாலும் பிரிவு 12 முதன்மை முதலாளியையே பொறுப்பாக்குகிறது.

ஓட்டை பிரிவு 10-ல். வேலையை விட்டுப் போனவருக்கு, விட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நோய் அறிகுறி வந்தால், அறிகுறி கண்ட நாளே விபத்து நாளாகக் கொள்ளப்படும் என்கிறது அது (தொழில்நோயையும் விபத்துக் காயமாகவே அந்தச் சட்டம் கணக்கிடுகிறது). இருபது முப்பது ஆண்டு பதுங்கும் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு! தோல் எரிச்சலுக்குப் பொருந்தும் சட்டத்தை நுரையீரலுக்குத் தைத்துப் போட்டிருக்கிறார்கள். மனு போடத் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி, மனுவை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரை ஏற்கச் செய்யலாம், அதற்கு அதே பிரிவில் இடம் உண்டு. அறிகுறிக் கெடுவைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

இங்கேதான் பழைய காகிதங்களுக்கு உயிர் வருகிறது. அப்பா 2010-ல் விலகியவர். 2012-க்குள் இருமல், மூச்சிரைப்பு என்று எங்காவது பார்த்திருந்தால், அது இ.எஸ்.ஐ. மருந்தகச் சீட்டோ, கம்பெனி மெடிக்கல் செக்கப் எக்ஸ்ரேயோ, தெருமுனை டாக்டரின் துண்டுச் சீட்டோ, அதைத் தேடுங்கள். வேலையில் இருந்தபோதே எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் இருந்து, தொழிலாளிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும்.

கம்பெனி அந்த ஆவணங்களைத் தர வேண்டியது கருணையால் அல்ல. ஆபத்தான வேலை நடக்கும் ஆலை, வேலைக்கு எடுக்கும் முன்பும், வேலையின்போதும், அந்த வேலையை விட்ட பிறகும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், ஏட்டைத் தொழிலாளி பார்க்க விட வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 41-சி சொன்னது. கல்நார் ஆலை அந்தச் சட்டத்தின் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. அதற்கு மேல், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று தந்த தீர்ப்பு: ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நல ஏட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், ஆமதாபாத்தின் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆஸ்பெஸ்டோசிஸ் என்று உறுதி செய்த தொழிலாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் கொடு என்றும் சொன்னது அதே தீர்ப்பு. கல்நாரை அடியோடு தடை செய்யக் கேட்ட இன்னொரு மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்போதும் 1995 உத்தரவுகளைக் கைவிடவில்லை.

உங்கள் அப்பா கணக்கைப் போடுங்கள். 1988-ல் சேர்ந்தவர், 40 ஆண்டு என்றால் 2028. விலகியது 2010, 15 ஆண்டு என்றால் 2025. பிந்தியது 2028. அதுவரை அந்த ஏடு ஆலையில் இருந்தாக வேண்டும். கம்பெனிக்கு, கிடைத்ததற்குச் சான்று வரும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போடுங்கள். அதே வாரம் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு: அந்த ஆலையின் ஆய்வறிக்கைகள், காற்றில் நார் அளவு எடுத்த அறிக்கைகள், நோய் அறிவிப்புகள். 30 நாளில் பதில் வர வேண்டும். "அழித்துவிட்டோம்" என்று கம்பெனி எழுத்தில் சொன்னால் வருந்தாதீர்கள். வைத்திருக்க வேண்டிய ஆவணத்தைக் காட்டாதவருக்கு எதிராக ஊகிக்க விசாரிப்பவருக்கு அதிகாரம் உண்டு.

மனு எங்கே போடுவது என்பது, அவர் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தாரா என்பதைப் பொறுத்தது. இருந்தால் இ.எஸ்.ஐ. சட்டத்தின் பிரிவு 53 குறுக்கே நிற்கும், ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் வழியாக மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும். வாரியம் நிரந்தர ஊனம் என்று சதவீதம் நிர்ணயித்தால் அந்த விகிதத்தில் மாதாந்தரத் தொகை ஆயுள் முழுக்க. இல்லாதவர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் போகலாம். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் விழுங்கிவிட்டன. அதனால் மனுவில் எந்தப் பிரிவைக் குறிப்பது என்பதை மட்டும் வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்.

தொகை? 1923 சட்டத்தின் சூத்திரப்படி, முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 முதல் அந்தச் சட்டத்தில் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்கவில்லை. 65 வயதுக்கு மேல் காரணி 99.37. எனவே உச்சம் 9,000 × 99.37 = 8,94,330 ரூபாய். திறன் இழப்பு 40 சதவீதம் என்றால் 3,57,732. இறந்தால் 60-க்குப் பதில் 50 சதவீதம். விபத்து நாள் எது, எந்தச் சம்பளம், எந்த உச்சவரம்பு என்பதில்தான் சண்டை நடக்கும், ஏனென்றால் 2010 மே மாதத்துக்கு முன் அந்த வரம்பு வெறும் 4,000. இரண்டாண்டுக் கெடுவில் மாட்டினால் கவனக்குறைவுக்கான உரிமையியல் வழக்கு, 1995 தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் என்ற பாதைகள் மிச்சம். இழப்பீட்டு ஆணையரிடமும் உரிமையியல் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது, எனவே முதல் மனுவை அவசரத்தில் போட்டுவிடாதீர்கள்.

நடுவில் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து ஒரு தொகையைக் கொடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் 1923 சட்டத்தின் பிரிவு 17-ன்படி செல்லாது. ஆனால் அதை உடைக்க ஒன்றிரண்டு வருஷம் அலைய வேண்டும். கையெழுத்தே போடாமல் இருப்பது எளிது.

அம்மாவையும் ஒரு முறை பரிசோதியுங்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சட்டையை உதறித் துவைத்தது அவர்தானே. துணியில் வந்த தூசியால் மட்டுமே மீசோதெலியோமா வந்த மனைவிகள், பிள்ளைகள் உலகெங்கும் பதிவாகியிருக்கிறார்கள். மூச்சு, இருமல், மார்புவலி எதுவும் இல்லையென்றால் ஒரு எக்ஸ்ரே போதும், பயந்து வருஷாவருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

கடைசியாகக் கேட்கக் கூச்சமான ஒன்று. நோய் முற்றி இறப்பு நேர்ந்தால், மருத்துவமனை தரும் இறப்புக் காரணச் சான்றில் "இதயமும் மூச்சும் நின்றது" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். யாருக்குத்தான் நிற்காது? அதன் கீழ் வரும் மூலகாரண வரியில் ஆஸ்பெஸ்டோசிஸ் அல்லது மீசோதெலியோமா என்று இருக்கிறதா என்று உடலை வாங்கும் முன்பே பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. பழைய எக்ஸ்ரே பிலிம்களை மடிக்காமல், வெயில் படாத இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையில் வெள்ளைத்தாள் வைத்து அடுக்குங்கள். எதையும் அசலாக யாரிடமும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும்.